வியன்னா: அரண்மனை இருக்கட்டும், குழாயைத் திறந்து பாருங்கள்

வியன்னாவுக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சுற்றைத்தான் சுற்றுகிறார்கள். ஷோன்ப்ருன் அரண்மனை, ஹோஃப்பூர்க் அரண்மனை, ஸ்டீஃபன் பேராலயம், மொட்ஸார்ட் முகம் அச்சிட்ட சாக்லேட், பழங்காலத்து விக்கும் கோட்டும் மாட்டிக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்கிற பையன்கள், அப்புறம் பிராகுக்கோ புடாபெஸ்டுக்கோ ரயில். ஊருக்குப் போனபின் "அழகுதான், ஆனால் ஊரே மியூசியம் மாதிரி இருக்கிறது" என்பார்கள். தப்பில்லை, அவர்கள் பார்த்தது ராஜாக்கள் விட்டுப்போன ஊர். ராஜா போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த ஊரை நடத்திக்கொண்டிருப்பது மாநகராட்சி, என்னைக் கேட்டால் வியன்னாவில் முதலில் பார்க்க வேண்டியதே அது செய்த வேலைகளைத்தான். மாநகராட்சியைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம் என்று கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் ஊரின் இருப்பு. வரைபடத்தில் பார்த்தால் வியன்னா ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஸ்லோவாக்கியாவின் தலைநகரமான பிராட்டிஸ்லாவா இங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஒரு நாட்டின் தலைநகரம் ஏன் இப்படி எல்லையில் இருக்கிறது என்றால், கட்டியபோது இது எல்லை இல்லை. 5 கோடிப் பேர் வாழ்ந்த ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் நடு இது. 1910இல் இங்கே 20 லட்சத்துக்கும் மேல் ஜனம், செக், போலிஷ், ஹங்கேரியன், குரோவேஷியன் என்று எல்லா மொழியும் தெருவில் கேட்கும். 1918இல் பேரரசு உடைந்தது, உடம்பு போய்த் தலை மட்டும் மிஞ்சியது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இந்த ஊர் சுருங்கிக்கொண்டே வந்து, 1980களில் 15 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அந்தப் பழைய 20 லட்சத்தை மறுபடி தொட்டது 2023இல்தான். வீதிகளும் கட்டடங்களும் எப்போதுமே ஊருக்குக் கொஞ்சம் பெரிய சைஸில் இருப்பதன் காரணம் இதுதான்.

அந்தப் பெரிய சைஸை முழுசாகப் பார்க்க ரிங் சாலையில் டிராமில் ஒரு சுற்று போதும். ஆட்டோமன் படைகள் 1529இலும் 1683இலும் முற்றுகையிட்டும் உள்ளே வர முடியாமல் திரும்பிய கோட்டைமதில் இருந்த இடம் அது. 1857 டிசம்பரில் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் மதிலை இடிக்கச் சொன்னார், 1865 மே 1இல் சாலையைத் திறந்தார்கள். மதிலுக்கு வெளியே சும்மா கிடந்த மைதானத்தை மனை போட்டுப் பணக்காரர்களுக்கு விற்று, வந்த பணத்தில் அரசுக் கட்டடங்களைக் கட்டினார்கள். நாடாளுமன்றம் கிரேக்கக் கோயில் போல, நகர மண்டபம் கோதிக் பாணியில், பல்கலைக்கழகம் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலி போல. அத்தனையும் ஒரே காலத்தில் கட்டியவை, அத்தனையும் வேறு வேறு நூற்றாண்டு வேஷம். எனக்கு இந்த வரிசை கொஞ்சம் மாறுவேடப் போட்டி மாதிரித்தான் படுகிறது, ஆனால் மாலை வெயில் அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு பார்க்கத்தான் தோன்றும்.

இந்த வரிசையில் முதலில் திறந்த கட்டடங்களில் ஒன்று ஓபரா, 1869இல். அதற்கு ஒரு சோகக் கதை உண்டு. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே முன்னால் போட்ட சாலையின் மட்டத்தை ஏற்றிவிட்டார்கள், கட்டடம் மண்ணில் புதைந்ததுபோல் தெரிய ஆரம்பித்தது. "முங்கிப்போன பெட்டி" என்று ஊரே கேலி செய்தது. அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஃபான் டெர் நூல் 1868இல் தற்கொலை செய்துகொண்டார், கூட்டாளி ஸிக்கார்ட்ஸ்பூர்க் சில வாரங்களிலேயே இறந்துபோனார். பேரரசரும் கட்டடத்தைக் குறை சொன்னதாகப் பேச்சு உண்டு. அதில் அதிர்ந்துபோய், அதன்பின் எதைக் காட்டினாலும் "மிக அழகு, மிக மகிழ்ச்சி" என்று ஒரே வசனத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று இன்றும் சொல்வார்கள். உள்ளே போக நல்ல வழி நின்று பார்க்கிற டிக்கெட். நல்ல ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடும் காசைவிடக் குறைவு. உள்ளே நுழைந்ததும் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, வெளியே போய்விட்டுச் சாவகாசமாக வரலாம், யாரும் தொட மாட்டார்கள். துண்டு போட்டு இடம் பிடிக்கிற கலை நமக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சரி, குழாய்க்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னாக்காரர்கள் வீட்டுக் கிணற்றிலும் டான்யூப் கால்வாய் ஓரத்து நீரிலும் வாழ்ந்தார்கள். கழிவும் அதே மண்ணில்தான் இறங்கியது. காலராவும் டைபாய்டும் திரும்பத் திரும்ப வந்தன. எட்வர்ட் ஸூஸ் என்ற நிலவியல் அறிஞர் அப்போது நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவர் தூக்கிப் பிடித்த திட்டம் கேட்பவருக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றியிருக்கும்: ஊருக்குத் தென்மேற்கே ரக்ஸ், ஷ்னேபெர்க் மலைகளில் ஊறுகிற ஊற்றை அப்படியே கால்வாய் கட்டி வியன்னாவுக்குக் கொண்டுவருவது. பம்ப்பு கிடையாது, மலைக்கும் ஊருக்கும் உள்ள உயர வித்தியாசத்திலேயே தண்ணீர் இறங்கி வர வேண்டும். பள்ளத்தாக்கு வந்தால் வளைவுப் பாலம், மலை குறுக்கே வந்தால் சுரங்கம். அந்த ஊற்றுகளில் ஒன்று பேரரசருக்குச் சொந்தமாக இருந்தது, அதை அவர் ஊருக்கே கொடுத்துவிட்டார்.

1873 வியன்னாவுக்கு ஒரு விசித்திரமான வருஷம். மே மாதம் பிராட்டர் பூங்காவில் உலகக் கண்காட்சி தொடங்கியது, தொடங்கிய சில நாட்களிலேயே பங்குச்சந்தை குப்புற விழுந்தது, கோடையில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது, கண்காட்சிக்கு வர வேண்டியவர்கள் வராமலே இருந்துவிட்டார்கள். அக்டோபர் 24இல், கண்காட்சி முடியப்போகிற நேரத்தில், ஷ்வார்ட்ஸன்பெர்க் சதுக்கத்தில் பெரிய நீரூற்றைத் திறந்து மலைத் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சிக் காட்டினார்கள். அந்த நீரூற்று இன்றும் இருக்கிறது. 1945இல் சோவியத் படை அதற்கு நேர் பின்னால் தன் வெற்றிச் சின்னத்தை எழுப்பிவிட்டுப் போனது, ஊற்று உயரமாக அடிக்கும்போது சிப்பாய் சிலை மறைந்துபோவதை உள்ளூர்க்காரர்கள் ஒரு கமுக்கமான சிரிப்போடு காட்டுவார்கள்.

இரண்டாவது கால்வாய் 1910இல் முடிந்தது. ஹோக்ஷ்வாப் மலையிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், தண்ணீர் வந்துசேர 36 மணி நேரம். வரும் வழியிலேயே அதன் வேகத்தில் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊற்றுகளைச் சுற்றியுள்ள காட்டையெல்லாம் மாநகராட்சியே வாங்கி வைத்திருக்கிறது, அந்தத் தண்ணீரின் பாதுகாப்பை 2001இல் நகரத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இப்போது சமையலறையில் குழாயைத் திறந்தால் வருவது அந்த மலைத் தண்ணீர்தான், ஆகஸ்ட் வெயிலிலும் பல் கூசும் குளிர்ச்சியில். இந்த ஊரில் கடைக்குப் போய் பாட்டில் தண்ணீர் வாங்குகிறவரைப் பார்த்தாலே ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கதையை முழுசாக இனிப்பாகச் சொல்ல முடியாது. இரண்டாவது கால்வாயைக் கட்டியது 1897 முதல் 1910 வரை மேயராக இருந்த கார்ல் லூகர். எரிவாயு, மின்சாரம், டிராம் எல்லாவற்றையும் தனியாரிடமிருந்து மாநகராட்சிக்குக் கொண்டுவந்தவர் அவர், சவ அடக்கத்தைக்கூட விடவில்லை. அதே லூகர்தான் யூத வெறுப்பை ஓட்டு வாங்கும் கருவியாக மாற்றிக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துப் பாடம் படித்தவர்களில், ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் இங்கே சுற்றிக்கொண்டிருந்த ஹிட்லரும் ஒருவர். ரிங் சாலையில் லூகர் பெயரில் இருந்த பகுதிக்கு 2012இல் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்தார்கள். அவர் சிலைக்கு என்ன செய்வதென்று பல வருஷம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் 3.5 டிகிரி சாய்த்து வைப்பது என்று முடிவெடுத்தார்கள். எடுக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை, அதனால் சாய்ப்பது. இதைவிட வியன்னாத்தனமான ஒரு தீர்வை யோசிக்க முடியாது.

மலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் ஏழைகள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. வாடகைக்குக் கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு மாடிக்கு ஒரு குழாய், நடைக்கூடத்தில், அதன் பெயர் பசேனா. கழிப்பறையும் நடைக்கூடத்தில்தான், நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று. அறையும் சமையலறையும் சேர்த்தால்தான் வீடு, அதற்குள்ளும் வாடகை கட்டுப்படியாகாமல், இரவில் தாங்கள் தூங்கும் கட்டிலைப் பகலில் வேறொரு தொழிலாளிக்கு வாடகைக்கு விடுவார்கள். ஊர் வம்பு முழுக்க அந்த பசேனா குழாயடியில்தான். 1910இன் அந்த 20 லட்சம் பேரில் பெரும்பகுதியினர் வாழ்ந்த வியன்னா இது, ரிங் சாலை வியன்னா அல்ல.

1919இல் பெண்களும் சேர்ந்து ஓட்டுப் போட்ட முதல் நகரத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. 1922இல் வியன்னா தனி மாநிலமானது, அதனால் சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடைத்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் அதை நன்றாகப் பயன்படுத்தினார்: குதிரை வைத்திருந்தால் வரி, வேலைக்காரர்கள் அதிகம் இருந்தால் வரி, ஷாம்பெயினுக்கு வரி. 1923இல் வீட்டு வரி வந்தது, வீடு பெரிதாகப் பெரிதாக வரி செங்குத்தாக ஏறும். அதே சமயம் போர்க்காலத்தில் வந்த வாடகைக் கட்டுப்பாடு தொடர்ந்ததால் வீடு கட்டி விடுவதில் யாருக்கும் லாபமில்லை, மனை விலை விழுந்தது, விழுந்த விலையில் மாநகராட்சி வாங்கிப் போட்டது. 1934க்குள் 60 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள். கடன் வாங்கி அல்ல, பெரும்பாலும் வரிப் பணத்தில்.

யாராவது என்னிடம் ஒரே ஒரு இடம் சொல் என்றால் யு4 மெட்ரோவில் ஏறிக் கடைசி நிறுத்தமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்கச் சொல்வேன். வெளியே வந்தால் எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927 முதல் 1930 வரை கட்டியது, கார்ல் எஹ்ன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். சிவப்பும் மஞ்சளுமாகக் கோட்டை போல நிற்கும், கோட்டை வாசல் போலவே பெரிய வளைவுகள். மேலே சிவப்பு எழுத்தில், வீட்டு வரியிலிருந்து வியன்னா மாநகராட்சி கட்டியது என்று வருஷத்தோடு எழுதியிருக்கும், அந்த எழுத்தை ஊர் முழுக்க இத்தகைய கட்டடங்களில் பார்க்கலாம். வளைவுக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடும். இடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை, மீதி எல்லாம் மரமும் புல்வெளியும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர், கழிப்பறை, பல வீடுகளுக்கு ஒரு சின்ன பால்கனி. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பொதுக் கூடங்கள், துவைக்கும் கூடத்துக்குள் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பழைய துவைக்கும் கூடங்களில் ஒன்று இப்போது சின்ன மியூசியம். முற்றத்தில் பந்து விளையாடாதே என்று ஒரு போர்டு தொங்கும், அதன் கீழேயே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை வந்தபோது நாட்டின் வலதுசாரி மத்திய அரசு இந்த வீடுகள் மீது பீரங்கியால் சுட்டது. சமூக ஜனநாயகக் கட்சியைத் தடை செய்தார்கள், கட்டடத்தின் பெயரை மாற்றினார்கள், 1945க்குப் பிறகுதான் மார்க்ஸ் திரும்பி வந்தார். நடுவில் 1938 வந்தது. மார்ச் மாதம் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட ஹிட்லர் ஹோஃப்பூர்க் மாடத்தில் நின்று பேச, கீழே சதுக்கம் நிறைந்து வழிந்தது. ஊரில் அப்போது 2 லட்சம் யூதர்கள் அளவுக்கு இருந்தார்கள். அந்த நாட்களிலேயே அவர்களை முழங்காலிட வைத்துத் தெருவைத் தேய்க்க விட்டார்கள், சுற்றி நின்று சிரித்தவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள். இந்த மாநகராட்சி வீடுகளில் இருந்த யூதக் குடும்பங்களுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. ஆஸ்திரியாவின் யூதர்களில் 65 ஆயிரம் பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். பெர்க்காஸே தெரு 19ஆம் எண்ணில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டின் வீடு மியூசியமாக இருக்கிறது, ஆனால் நோயாளிகளைப் படுக்கவைத்துப் பேசவிட்ட அந்தப் பிரபலமான சோபா அங்கே இல்லை. 1938 ஜூனில் அவர் தப்பிப் போனபோது அதுவும் லண்டன் போய்விட்டது. ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய நான்கு சகோதரிகளும் பின்னால் நாஜிகளின் கையில் செத்தார்கள். அந்த வெற்று அறைகளைப் பார்த்துவிட்டு, காட்ட ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒன்றுமில்லாததைத்தான் அங்கே காட்டுகிறார்கள்.

போருக்குப் பின் பத்து வருஷம் நான்கு வல்லரசுகள் ஊரைப் பங்கு போட்டிருந்தன. 1955 மே 15இல் பெல்வெடேர் அரண்மனையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, படைகள் வெளியேறின, ஆஸ்திரியா நடுநிலை நாடானது. ஐ.நா.வும் சர்வதேச அணுசக்தி முகமையும் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஓபெக்கும் இங்கே அலுவலகம் வைத்திருப்பதற்கு அந்த நடுநிலையும் ஒரு காரணம்.

காபி பற்றிச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். 1683 முற்றுகையில் துருக்கியர் விட்டுப்போன மூட்டையில் காபிக்கொட்டை இருந்தது என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள், அது கதை. 1685இல் உரிமம் வாங்கி ஊரில் முதல் காபிக்கடை வைத்தவர் ஓர் ஆர்மீனியர். இன்றைக்கும் வெள்ளித் தட்டில் காபியும், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும், அந்தக் கிளாஸின் மேல் கவிழ்த்து வைத்த ஸ்பூனும் வரும். அந்தத் தண்ணீர் காசில்லாமல் வருவது, மேலே சொன்ன மலைத் தண்ணீர், காபியைக் குடித்து முடித்தாலும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மணிக்கணக்காக உட்காரலாம். சர்வர் உங்களை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார், கோபப்பட வேண்டாம், அது எல்லோருக்கும் பொதுவான மரியாதை. 1913இல் ஹிட்லரும் ட்ராட்ஸ்கியும் ஸ்டாலினும் ஃபிராய்டும் ஒரே சமயத்தில் இந்த ஊரில் இருந்தார்கள். ட்ராட்ஸ்கி கஃபே சென்ட்ரலில் சதுரங்கம் ஆடியவர். இப்போது அந்தக் கடைக்கு வெளியே சுற்றுலாக்காரர்கள் வரிசை நிற்கிறது. நான் போவதில்லை, ஷ்பெர்ல் இருக்கிறது, அங்கே நாற்காலி பழசு, ஆனால் உட்கார இடம் கிடைக்கும்.

செத்தவர்களையும் மாநகராட்சி நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. மையக் கல்லறைத் தோட்டம் 1874இல் திறந்தது, இரண்டரை சதுர கிலோமீட்டர், அடங்கியிருப்பவர்கள் 30 லட்சம் அளவில், அதாவது இப்போது உயிரோடிருக்கும் வியன்னாக்காரர்களைவிட அதிகம். பீத்தோவன், ஷூபெர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில். உள்ளே சுற்ற பஸ்ஸே ஓடுகிறது. ஊரிலிருந்து அவ்வளவு தூரத்துக்குச் சடலங்களைக் கொண்டுபோவது தொல்லையாக இருந்ததால், காற்றழுத்தத்தில் குழாய் வழியாகச் சவப்பெட்டியை அனுப்பலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு திட்டமே போட்டார்கள், நல்லவேளை, கைவிட்டார்கள். இப்போது போவது 71ஆம் நம்பர் டிராம். யாராவது காலமாகிவிட்டால் "71 ஏறிட்டார்" என்பார்கள்.

டான்யூப் நதியைத் தேடி ஊர் நடுவில் அலையாதீர்கள், அங்கே ஓடுவது கால்வாய். நதி தள்ளி ஓடுகிறது, அதற்கு இணையாக வெள்ளத்துக்கென்றே இன்னொரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி, 1972 முதல் 1988 வரை 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவையே உண்டாக்கினார்கள். கோடையில் ஊரே அங்கேதான் கிடக்கும், குளிக்கக் காசு கிடையாது. 2024 செப்டம்பர் மழையில் சின்ன வியன் ஆறு பொங்கி மெட்ரோ பாதையை நிறுத்தியது, பெரிய நதியின் வெள்ளத்தை இந்த வாய்க்கால் வாங்கிக்கொண்டது.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் சொர்க்கம் என்று வந்துவிடாதீர்கள். மாநகராட்சியிடம் இன்று 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள் இருக்கின்றன, மற்ற நகரங்கள் விற்றுத் தள்ளியபோது இவர்கள் விற்கவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் விண்ணப்பிக்கவே வியன்னாவில் இரண்டு வருஷம் பதிந்திருக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்றால் பெரும்பாலும் நீண்டகால வசிப்புரிமையும் வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர் தனியாரிடம், சில வருஷத்துக்கு மட்டும் போடும் ஒப்பந்தத்தில், அதிக வாடகைக்குத்தான் மாட்டுவார். பக்கத்து வீட்டுப் பாட்டி அதே அளவு வீட்டுக்குப் பாதி வாடகை கட்டிக்கொண்டிருப்பார், அதை உங்களிடம் சொல்லவும் செய்வார். 2012இலிருந்து வருஷத்துக்கு 365 யூரோ என்று உலகமே மெச்சிய பயணப் பாஸையும் விலை ஏற்றிவிட்டார்கள், ஏற்றிய நாளிலிருந்து டிராமில் அதே புலம்பல். புலம்புவதில் இந்த ஊருக்கு இணை கிடையாது, வாழத் தகுந்த நகரம் என்று எத்தனை பட்டியலில் முதலிடம் வந்தாலும்.

வருவதாக இருந்தால் மே அல்லது செப்டம்பரில் வாருங்கள். ஒரு காலி பாட்டில் கையில் இருக்கட்டும், தெருவில் குடிநீர்க் குழாய்கள் நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது, பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் மட்டும் இருக்கும், அங்கே ஊரே வரிசையில் நிற்கும். பாலும் ரொட்டியும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.